மூன்று தடவை செத்தவன் மூச்சுவிடப் படித்தது

நான் மூன்று தடவை செத்தேன். மூன்று தடவையும் ஈசிஜி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கடை வைத்திருக்கிறேன். நைலான் கயிறு, மிதவை, படகு எஞ்சினுக்கான சில்லறைச் சாமான். இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப் பேர் கயிறு வாங்க வருவதில்லை. "சூசை, நெஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, என் நெஞ்சைப் பார்க்காமல் தலையைப் பார்க்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். யார் சொன்னது என்று எனக்கு ஆறு பேர் மேல் சந்தேகம் இருக்கிறது. அதை விசாரித்துக்கொண்டிருப்பதைவிட நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

வயது ஐம்பத்து மூன்று. கடைக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சங்கு குளித்தேன். சிலிண்டரும் குழாயும் இல்லாமல் மூச்சை அடக்கி முங்குகிற முறை. காதுச் சவ்வு கிழிந்ததும் கரையேறினேன். சொந்த ஊர் புன்னைக்காயல், இப்போது வீடு மில்லர்புரம். வீட்டில் மனைவி ஸ்டெல்லா, ஒரே மகள் பிரின்சி.

முதல் சாவு கடையில். ஒரு படகுக்காரருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். எங்கள் அளவு பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பதினேழாவது பாகத்தில் இடது கை விரல்கள் மரத்தன. உதடு மரத்தது. நெஞ்சுக்குள் யாரோ நங்கூரம் போட்டு இழுப்பதுபோல் இருந்தது. கை தானாகச் சுருங்கியது.

"அண்ணாச்சி, பாகம் கொறையுது" என்றார் படகுக்காரர்.

நான் சாகிறேன், அவருக்கு அளவில் சந்தேகம். நான் கீழே உட்கார்ந்த பிறகுதான் நம்பினார். ஐஸ் பெட்டி ஏற்றி வந்த லோடு ஆட்டோவில் சாளை மீனோடு சாளையாக என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டெல்லா வந்து சேர்வதற்குள் நெஞ்சிலும் கைகாலிலும் வயர் ஒட்டியிருந்தார்கள். இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற மெஷின் அது. அது வரைந்து முடிப்பதற்குள், செய்த பாவத்தைச் சொல்லி நான் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஏளா ஸ்டெல்லா. ஒங்கம்மா குடுத்த மிக்ஸி கரண்டுல போகல. நான்தான் ஒடச்சேன். கருவாட்டைப் போட்டு அரைச்சுப் பாத்தேன்."

அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "கருவாட்டையா?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் திரை விலக்கி, ஈசிஜி நார்மல் என்றார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கிற ஒரு பொருள் உண்டாம். அதற்கும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். அதுவும் நார்மல். சாகப்போகிறவன் சொன்ன வாக்குமூலத்தை, பிழைத்தபின் வீட்டில் வைத்து விசாரிக்கிற கொடுமை எனக்கு நடந்தது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை.

இரண்டாவது சாவைச் சொல்வதற்கு முன் பிரின்சியின் கப்பலைச் சொல்லவேண்டும். அவள் கப்பல் படிப்பு படித்தவள். டெக் கேடட், அதாவது கப்பலை ஓட்டுகிற அதிகாரியாவதற்கு முதல் படியில் நிற்கிற பயிற்சிக்காரி. அந்த வேலைக்கு வழி பண்ணியது என் மனைவியின் அண்ணன் இன்னாசி மச்சான். நாற்பது வருஷம் கடலில் இருந்த ஆள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் போடவைத்து, உத்தரவு வந்தபிறகு காட்டினார், என் முதல் சாவுக்குச் சில நாள் முன்னால். நான் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். "எம் மவ கப்பல் ஓட்டப்போறா, இனிமே துறைமுகத்துல பாத்து நில்லுங்கலே" என்று ஜோக்கெல்லாம் அடித்தேன். அதற்குப் பிறகு மச்சானிடம் பேசவில்லை. பேசவில்லை என்பதை யாரும் கவனிக்காதபடி அவ்வளவு கலகலப்பாக இருந்தேன்.

அவள் மும்பைக்கு விமானம் ஏறவேண்டிய காலையில், பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது செத்தேன். அதே விரல், அதே உதடு, அதே நங்கூரம். சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதலே கொடுத்துவிட்டார். சாகக் கிடக்கிறவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு அது. பிரின்சி பெட்டியைத் திரும்ப அவிழ்த்தாள். கப்பல் அவளில்லாமல் போய்விட்டது. ஈசிஜி நார்மல்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி வாசலில். அன்று டிரெட்மில் டெஸ்ட். ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவைத்து, மூச்சிரைக்கும்போது இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். நான் இளவட்டம் மாதிரி நடந்து முடித்தேன். வெளியே வந்ததும் பிரின்சி போனைக் காட்டினாள். "அப்பா, கம்பெனில இன்னொரு கப்பல் குடுத்திருக்காங்க. அஞ்சு வாரத்துல." நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். இந்தத் தடவை ஸ்டெல்லா போன் பண்ணியபோது சாமியார், "மொதல்ல ஈசிஜி எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புமா" என்றாராம்.

கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர் என் மூன்று ஈசிஜியையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்க ஹார்ட் என் ஹார்ட்ட விட நல்லா இருக்கு. இது பானிக் அட்டாக். ஆபத்து இல்லாத நேரத்துல ஒடம்பு ஆபத்துன்னு நெனச்சு முழு வேகத்துல ஓடத் தயாராகுது. படபடப்பு, மரத்துப்போறது, செத்துருவோம்ங்கிற பயம் எல்லாம் நெசமாவே வரும். ஆனா சாகமாட்டீங்க." அப்புறம் ஒரு சீட்டு எழுதினார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்.

நான் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நெஞ்சில் ஒன்றும் கிடைக்காததால் தலைக்கு அனுப்புகிறார்கள்.

அன்று வீட்டில் இன்னாசி மச்சான் வாசலில் நின்றபடியே சொன்னார்: "மாப்ள, பிள்ள பொறப்படுத நேரம் பாத்துக் கரெக்டா சாவுதீரு. வேற நேரமே கெடைக்கலியாவே?"

யாரும் மறுக்கவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் பிரின்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்களுக்குச் சரியாகாம நான் போகமாட்டேன்பா. ஆனா இந்தத் தடவையும் போகலன்னா எம் பேர எடுத்துருவாங்க. அதையும் சொல்லிருதேன்." அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால்கூட ஏதாவது ஜோக் சொல்லியிருக்கலாம்.

நான் நடிக்கிறேனா? என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை சந்தேகத்துக்கு வெளியே இருந்த ஒரே ஆள் நான்தான்.

இருந்தாலும் சீட்டைக் கடையில் ஒரு கயிற்று உருளைக்குள் செருகிவைத்தேன். ஸ்டெல்லா அதைக் கண்டுபிடித்தாள். எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஒரு யூகம் உண்டு.

மாடியில் இருந்தது கிளினிக். போர்டில் 'தனிநபர் மற்றும் குடும்பங்களுக்கான உளவியல் சிகிச்சை' என்று எழுதியிருந்தது. எதிர்ச் சாரியில் நின்று நான்கு தடவை படித்தேன். 'குடும்பங்களுக்கான' என்ற இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தனைப் பிடித்தால் வீட்டையே வளைத்துவிடுவார்கள் போல. ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியேறினேன். உள்ளே காத்திருக்கும் அறையில் எங்கள் தெருப் பலசரக்குக் கடை தங்கராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"யாரு, சூசையா?" என்றார், ஹெல்மெட்டைப் பார்த்து.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணாச்சி."

"நானும் சும்மாதான் வந்தேன்."

மாடியில், மூடிய கண்ணாடிக் கதவுக்குள், டோக்கன் வாங்கி உட்கார்ந்துகொண்டு இருவரும் சும்மா வந்திருந்தோம். அதற்குப்பின் இருவரும் மீன் தொட்டியையே பார்த்தோம். மூன்று மீன். அதில் ஒன்று என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கேள்வி: 'யாராவது உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பதாக நினைக்கிறீர்களா?' நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆம். இந்த ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளை' என்று எழுதினேன்.

சைக்காலஜிஸ்ட் பெயர் முத்துச்செல்வி. நாற்பது வயது இருக்கும். பக்கத்து ஊர் மாப்பிள்ளையூரணிக்காரி என்று பேச்சில் தெரிந்தது. மேஜை இல்லை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் டிஷ்யூ பேப்பர் டப்பா. அழவைத்து அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். டப்பாவை என் பக்கத்திலிருந்து அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"டாக்டரம்மா, என்ன மாத்திரை தருவிய?"

"நான் மாத்திரை எழுதுறவ இல்ல அண்ணாச்சி. அது சைக்கியாட்ரிஸ்ட். தேவைப்பட்டா அவங்ககிட்ட அனுப்புவேன். இங்க நாம பேசுவோம், சிலதைச் செஞ்சு பழகுவோம்."

"பேசுறதுக்கா? அத நான் கடையில சும்மாவே செய்யுதேனே."

"ஆமா, கேள்விப்பட்டேன்" என்றார்.

யாரிடம் கேள்விப்பட்டார்? எனக்கு உடனே வேர்த்தது. படிவத்தில் ஸ்டெல்லா எழுதிய பகுதி என்று பிறகு தெரிந்தது. இங்கே பேசுவது வெளியே போகாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாகவேண்டும் என்று விளக்கினார். என் மச்சான் போன் பண்ணினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அவரை அறியாமலே மச்சான் ஆள் வைத்திருக்கலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

முக்கால் மணி நேரத்தில் முப்பது ஜோக் சொல்லியிருப்பேன். நன்றாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். அதுதான் உறுத்தியது. சிரிக்கிற விஷயத்தில் எழுத என்ன இருக்கிறது? கிளம்பும்போது, "நோட்டுல என்ன எழுதுனிய?" என்றேன். தயங்காமல் திருப்பிக் காட்டினார். மூன்று சாவுக்கும் மூன்று வரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'அந்த நிமிஷம் இவர் என்ன செய்தார்?' என்று ஒரு கேள்வி. பதில் காலியாக இருந்தது.

"அடுத்த வாரம் வரும்போது அத யோசிச்சுட்டு வாங்க. மொத அறிகுறி வந்ததும் நீங்க என்ன செய்யிறீங்க?"

இனி வரக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு இறங்கினேன். அடுத்த வாரம் போனேன். காரணம் பிரின்சி. ஒரு காலண்டரை எடுத்து, போகவேண்டிய நாளுக்கு வட்டம் போடாமல் அதற்கு முந்தைய நாட்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது என் எதிரே தொங்கியது.

இரண்டாவது வாரம்தான் அந்த விஷயம் நடந்தது.

"யோசிச்சீங்களா? வெரல் மரக்க ஆரம்பிச்சதும் என்ன செய்வீங்க?"

"செய்ய வேண்டியதச் செய்வேன்" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமை. "நான் யாரு? பன்னெண்டு வருஷம் முங்குனவன். மூச்ச எப்படிக் கையாளணும்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டாம்."

"சரி, எனக்கு நீங்க சொல்லிக்குடுங்க. செஞ்சு காட்டுங்க."

எழுந்து நின்றேன். முங்குவதற்கு முன் படகின் விளிம்பில் உட்கார்ந்து நாங்கள் செய்வது ஒன்று உண்டு. வாயைத் திறந்து வேகவேகமாக, ஆழமாக, நெஞ்சு புடைக்கப் புடைக்க இழுத்து விடுவோம். பத்து, பதினைந்து தடவை. அப்புறம் ஒரே இழுப்பு இழுத்து அடக்குவோம். கீழே நெடுநேரம் நிற்க அதுதான் வித்தை. படபடப்பு வந்தால் என் உடம்பு தானாக இதற்குத்தான் போகும். கடலிலேயே காப்பாற்றிய வித்தை, கரையில் காப்பாற்றாதா?

இழுத்தேன், விட்டேன், இழுத்தேன், விட்டேன். அடக்கினேன். விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் மரத்தது.

பிறகு உதடு. அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நங்கூரம் வந்துவிட்டது. நாற்காலியில் விழுந்தேன். இந்தப் பெண் எனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரில் எதையோ கலந்துவிட்டாள் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அதைச் சொல்லவும் செய்தேன்.

"தண்ணிய நீங்க இன்னும் குடிக்கல அண்ணாச்சி" என்றார். டம்ளர் நிறைந்தபடி இருந்தது. "பயப்படாதீங்க, அது தானா எறங்கும். இப்ப காத்த உள்ள இழுக்காதீங்க. வெளிய விடுங்க. சூடான டீய ஊதுற மாதிரி, மெதுவா."

இரண்டு மூன்று நிமிஷத்தில் விரல் திரும்பக் கிடைத்தது. அப்புறம் அவர் விளக்கினார். நாம் வேகமாக மூச்சுவிட்டால் உடம்பில் இருக்கவேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். அது கெட்ட காற்றுதானே, போகட்டும் என்று நினைக்கிறோம். ஆனால் ரத்தத்துக்கு அது ஓரளவு வேண்டும். குறைந்தால் விரலும் உதடும் மரக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். கடலில் அடுத்த நிமிஷம் மூச்சை அடக்கி முங்கிவிடுவதால் அந்த வாயு மறுபடி சேர்ந்துவிடும். கடையில் முங்க இடமில்லை. நான் மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"அப்ப மூணு தடவையும் நானா என்னக் கொன்னேன்?"

"நீங்க ஒங்களக் காப்பாத்தத்தான் பாத்தீங்க" என்றார்.

எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. டிஷ்யூ டப்பா அவர் பக்கம் இருந்தது. கேட்க மானம் விடவில்லை, சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

நான்கு எண்ணி மூக்கால் உள்ளே, ஆறு எண்ணி வாயால் வெளியே. இதைத் தினமும் இரண்டு வேளை பழகச் சொன்னார். கேட்க எளிது. முங்குகிறவனுக்குக் காற்றை வெளியே விடுவது சாவு. இருக்கிற காற்றை விட்டுவிட்டு எவனாவது இருப்பானா? இந்த அம்மா சரியான வழி சொல்கிறாளா, மிச்சமிருக்கிற உயிரையும் எடுக்கப் பார்க்கிறாளா என்று சந்தேகத்தோடுதான் ஊதினேன். ஸ்டெல்லா காலையில் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். ஊதித்தான் குடிக்கவேண்டும். மிக்ஸிக்குப் பழிவாங்குகிறாள் என்று முதலில் நினைத்தேன். நாலாம் நாள்தான் புரிந்தது.

மூன்றாவது வாரம் முத்துச்செல்வி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, வேக மூச்சு தீய வளக்குது. பத்தவைக்கிறது எது?"

நான் ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு வரச் சொன்னார். யார் யாரைக் கூப்பிடலாம் என்றார். மனைவி, மகள் என்றேன்.

அன்று மாலை தங்கராஜ் அண்ணாச்சி கடையில் சீனி வாங்கும்போது, பொட்டலத்தை நீட்டியபடி குனிந்து கேட்டார்: "ஒமக்கு எத்தனாவது?"

"மூணு முடிஞ்சுது."

"எனக்கு ஏழு. நாலாவதுதான் கொஞ்சம் கஷ்டம். அப்புறம் பரவால்ல." கூடவே ஒரு பொட்டலம் டீத்தூள் வைத்தார். காசு வாங்கவில்லை.

நாலாவதுக்குப் போனபோது அங்கே இன்னாசி மச்சான் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா வரச்சொன்னாளாம். மீன் தொட்டிக்கு முன்னால், இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. நான் திரும்பிப் படியிறங்கப் பார்த்தேன். பிரின்சி படியில் நின்றாள்.

உள்ளே ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். முத்துச்செல்வி என்னைப் பார்த்து, "பிரின்சி கப்பலுக்குப் போறத நெனச்சா மொதல்ல எந்தப் படம் வருது?" என்றார்.

பதில் என் வாயிலிருந்து வந்தது. நான் அதை அனுப்பவில்லை.

"கயிறு யாரு பிடிப்பா?"

அவர் புரியாமல் பார்த்தார். நான் விளக்கவேண்டியதாயிற்று. சங்குக்கும் முத்துக்கும் முங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். அதன் மறுமுனை படகில் ஒருத்தன் கையில். ஒரு சுண்டு சுண்டினால் நல்லா இருக்கேன், இரண்டு சுண்டினால் தூக்கு. அந்தக் கயிற்றை யார் கையிலும் கொடுக்கமாட்டோம். அண்ணன் தம்பி கையிலும் கொடுக்கமாட்டோம். அவனுக்குச் சொத்து மேல் ஒரு கண் இருக்கலாம். மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்போம். கையை விட்டான் என்றால் அவன் தங்கச்சியின் தாலி போகும். அதனால் விடமாட்டான்.

"பன்னெண்டு வருஷம் என் கயிறு இவரு கையிலதான் இருந்துச்சு" என்றேன், மச்சானைப் பார்க்காமல். "அதான் முங்குனேன். இவளுக்கு அங்கன யாரு இருக்கா? அந்தக் கப்பல்ல எவனுக்கு என்ன போச்சு? இவ விழுந்தா எவன் தங்கச்சி தாலியறுப்பா?"

ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மச்சான் குடையைத் தரையில் ஊன்றினார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது."

"சொல்லும்."

"நான் தூங்கியிருக்கேம்வே."

"எங்க?"

"படகுலதான். கயித்தக் கால் பெருவெரல்ல ஒரு சுத்து சுத்திக்கிட்டு. வெயில்ல கண்ணு சொக்கும்லா. நீரு சுண்டுனா முழிப்பு வந்துரும். வந்துச்சு. ஒரு தடவதான் வரல."

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. இரண்டு சுண்டு சுண்டினேன். கயிறு அசையவில்லை. மறுபடி சுண்டினேன். நானே கையை வீசி வீசி ஏறி வந்து விளிம்பைப் பிடித்தபோது மச்சான் எழுந்து நின்று, "கயிறு பாறையில மாட்டிக்கிச்சு மாப்ள" என்றார். அன்றைக்கே சந்தேகப்பட்டேன். இருபத்து மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாமல் சந்தேகப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் பட்ட ஆயிரம் சந்தேகத்தில் ஒன்றே ஒன்று சரி என்று, படித்த ஒரு அம்மா முன்னிலையில் நிரூபணமானது. எனக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கோபம் வந்தது ஸ்டெல்லாவுக்கு. "ஏண்ணே, என் தாலியக் கால்ல சுத்திக்கிட்டா தூங்குன?"

"ஏளா, ஒரு தடவ..."

"ஒரு தடவ போதாதா? மனுசன் மேல வரலன்னா?"

"அதான் வந்துட்டாருல்லா."

"அவரா வந்தாரு. நீயா தூக்குன?"

அண்ணன் தங்கச்சி சண்டை பத்து நிமிஷம் நடந்தது. முத்துச்செல்வி தடுக்கவில்லை. அது அடங்கியதும் என்னிடம் திரும்பினார். "அன்னைக்கு எப்படி மேல வந்தீங்க?"

"நானாத்தான் ஏறி வந்தேன்."

"ம்" என்றார். நோட்டை மடியிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

பிரின்சி என் பக்கம் திரும்பி, "அப்பா, கப்பல்ல ஒசரத்துல வேல செய்யும்போது விழாம இருக்க எனக்கு பெல்ட்டும் கயிறும் குடுப்பாங்க. முடிச்ச நானேதான் போடணும், நானேதான் இழுத்துப் பாக்கணும்" என்றாள். "முடிச்சு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

"சரியாப் போடுவியா?"

"சந்தேகமா இருந்தா வீட்டுக்குப் போயி போட்டுக் காட்டுதேன்."

எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினாள். கட்டில் காலில் கட்டி, மச்சானைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். கட்டில் நகர்ந்தது, முடிச்சு நகரவில்லை.

அவள் கிளம்பும் நாள் வந்தது. வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போகும்போது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இப்போது சந்தேகம் அவர்கள் முறை. ஸ்டெல்லா மூன்று ஈசிஜியும் இருந்த ஃபைலை மடியில் வைத்திருந்தாள். மச்சான் காரைத் திருப்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் மூக்கு இருக்கும்படி நிறுத்தினார். கேட்டால், "நெழலுக்கு" என்றார். அங்கே நிழலே இல்லை.

வாசலில் பிரின்சி பெட்டியைப் பிடித்தபோது விரல் மரத்தது.

வாய் தானாகத் திறந்தது. நெஞ்சு அந்தப் பெரிய இழுப்புக்குத் தயாரானது. இப்போது நான் விழுந்தால் பெட்டி திரும்பி வரும், பெயர் போகும். அதை அவள் முகத்திலும் பார்த்தேன். பெட்டியின் கைப்பிடியை அவள் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. வாயை மூடினேன். மூக்கால் நாலு. உதட்டைக் குவித்து ஆறு. அவள் நெற்றி முடி பறந்தது. மறுபடி ஆறு. நங்கூரம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை.

"என்ன ஊதுதீங்க?" என்றாள்.

"டீ."

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். முன்னாலேயே பேசி வைத்திருந்தோம்: சிக்னல் கிடைக்கிறபோது ஒரு தடவை மணியடித்து வைத்துவிட்டால் நல்லா இருக்கேன். இரண்டாவது மணியும் அடித்தால் நான் கூப்பிடவேண்டும். கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திரும்பி, ஒரு விரலைக் காட்டினாள். உள்ளே போய்விட்டாள். ஃபைலை ஸ்டெல்லா பையில் வைத்தாள். மச்சான் காரை மறுபடி திருப்பவேண்டியதாயிற்று.

இப்போதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த மாடிக்குப் போகிறேன். ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளை இப்போதும் என்னைப் பார்க்கிறது. மச்சானோடு பேசுகிறேன், ஆனால் பகலில் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்தால் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறாரா என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் கயிறு அளந்துகொண்டிருக்கும்போது போன் ஒரு மணி அடித்து நின்றது. நல்லா இருக்கிறாள். கையை விரித்து அடுத்த பாகம் போட்டேன்.

மறுபடி அடித்தது.

விரல், உதடு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கயிற்றைக் கீழே வைத்தேன். ஆறு எண்ணி ஊதினேன். இன்னொரு ஆறு. அதற்குப் பிறகுதான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். கடல் காற்று இரைச்சலுக்குள் அவள் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லப்பா. பிடிச்சிருக்கீங்களா, மாமா மாதிரி தூங்கிட்டீங்களான்னு பாத்தேன்."

"முழிச்சுத்தான் இருக்கேன் கழுத. வை போனை."

வைத்துவிட்டு எதிரே பார்த்தேன். மச்சான் ஸ்டூலில் சாய்ந்து, வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கயிற்றின் நுனியை எடுத்து அவர் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதினெட்டாவது பாகத்தை இழுத்தேன்.